வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு: கோளாறைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ரூட்டரில் இணைந்த இரண்டு கணினிகளில் ஒன்று மற்றதன் கோப்புறையைத் திறக்க மறுத்தால், பெரும்பாலோர் கைக்கு எட்டிய அமைப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒருவேளை பகிர்வு வேலை செய்யத் தொடங்கினாலும், எந்த மாற்றம் பலன் தந்தது, எது தேவையின்றிப் பாதுகாப்பைத் தளர்த்தியது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. மற்றக் கணினியின் பெயர் பட்டியலில் தெரியாமலிருப்பது, அந்தக் கணினியைச் சென்றடையவே முடியாமலிருப்பது, சென்றடைந்தும் அது உள்ளே விட மறுப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். விண்டோஸ் காட்டும் பிழை எண்ணைப் படிக்காமல் மூடிவிடுவது இதனாலேயே தவறு: 80070035 என்று முடியும் எண் வழியைக் கண்டறிய முடியவில்லை என்பதையும், 80070005 என்று முடியும் எண் அனுமதி மறுக்கப்பட்டது என்பதையும் குறிக்கின்றன.

நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியாததைப் பகிர்வே பழுதாகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பட்டியலில் பெயரைக் காட்டுவது ஒரு சேவை. கோப்புகளைக் கொடுத்து வாங்குவது வேறொரு சேவை. இவை தரவு வந்துபோகும் வாயில்களுக்குப் போர்ட் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: இன்றைய விண்டோஸில் முன்னது யூ.டி.பி. 3702 போர்ட்டையும் பின்னது டி.சி.பி. 445 போர்ட்டையும் பயன்படுத்துகின்றன. ஆகவே, கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் மற்றக் கணினியின் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை, நேரடியாகத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். திறந்துவிட்டால் பகிர்வில் குறையில்லை. அந்த முகவரியை ரூட்டரில் நிலையாக ஒதுக்கிவிட்டு, கோப்புறைக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டால், பட்டியலைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் மிகப் பெரிய தவற்றில் விழுகிறார்கள்: கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பை மீண்டும் இயக்கிவிடுவது. பழைய விண்டோஸ்களில் கணினிப் பட்டியல் அந்தப் பதிப்பைச் சார்ந்திருந்தது. அதனால், அதை இயக்கினால் பெயர் தெரியும் என்ற அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, சில வேளைகளில் பலிக்கவும் செய்கிறது. ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. முதல் பதிப்பைக் கைவிடப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் 2014இல் அறிவித்தது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல், அந்தப் பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தும், அதை நிறுவாத கணினிகள் ஏராளமாக இருந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளை வைக்கும் பழைய சேமிப்புப் பெட்டி ஒன்றுக்கு அது தேவைப்படுவதாகத் தோன்றினால், அந்தப் பெட்டியின் அமைப்புகளில் இரண்டாம் பதிப்பை இயக்க வழியுண்டா என்று முதலில் தேடுவதே முறை. வழியே இல்லையென்றால், பெட்டியை மாற்ற வேண்டுமே தவிர, கணினிகளைப் பலவீனப்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

ஃபயர்வாலை முழுமையாக அணைத்துப் பார்ப்பதும், பகிர்வு கிடைத்த மகிழ்ச்சியில் அதை அப்படியே விட்டுவிடுவதும் இதற்கு அடுத்த நிலையில் வைக்க வேண்டியவை. அணைத்ததும் வேலை செய்கிறதென்றால், பெரும்பாலும் அந்தக் கணினி வீட்டு இணைப்பைப் ‘பொது’ வகையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்று பொருள்; அதைத் ‘தனிப்பட்ட’ வகைக்கு மாற்றி, கோப்புப் பகிர்வுக்கான அனுமதியை இயக்கினால் போதும். மற்றக் கணினி பதிலளிக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்குப் பதில் வராததை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பிங் கோரிக்கையை மட்டும் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். 445ஆம் போர்ட்டை ரூட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்துவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

இரண்டு கணினிகளும் ஒரே வீட்டில் இருப்பதால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று நம்பிவிடுவதும் உண்டு. ஒரு முறை ஒரு மாலைப் பொழுது முழுவதையும் அனுமதி அமைப்புகளில் கழித்த பிறகே, என் மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருப்பதைக் கவனித்தேன். அந்த வகை இணைப்பு மற்றக் கருவிகளை அணுக விடாமல் வேண்டுமென்றே பிரித்து வைக்கிறது. வீட்டில் இரண்டாவது ரூட்டர் இருந்து அதுவும் தனியாக முகவரி வழங்கினால், ஒரு கணினி 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கும் முகவரிகளைப் பெற்று, ஒன்றையொன்று காணாமல் போகலாம். 169.254 என்று தொடங்கும் முகவரி, ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். இணைப்பை வேறொரு நெட்வொர்க் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். இயங்கினால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும் இடத்தில், தினமும் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் பின் எண்ணைத் தட்டச்சு செய்து, ஏற்கவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக நுழைய, கோப்புறை இருக்கும் கணினியில் உள்ள கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக நெட்வொர்க் வழியாக அனுமதிப்பதில்லை. இதற்குத் தீர்வாகக் கடவுச்சொல் பாதுகாப்பையே நீக்கிவிடச் சொல்லும் அறிவுரை இன்று பலிப்பதும் குறைவு: 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பின் ப்ரோ வகை, கடவுச்சொல் இன்றி விருந்தினராக இணையும் முயற்சியை இயல்பாகவே மறுக்கிறது. பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் வைப்பது எளிது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மறுக்கப்பட்டால், பழைய கடவுச்சொல், அவற்றைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் நற்சான்று மேலாளரில் (Credential Manager) தங்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்க வேண்டும். மேக் கணினியில் விண்டோஸ் பகிர்வுக்காக அந்தந்தக் கணக்கைத் தனியே தேர்வு செய்ய வேண்டும். லினக்ஸில் கோப்புப் பகிர்வைச் செய்யும் சாம்பா என்ற மென்பொருளில் பொதுவாகப் பயனருக்குத் தனிக் கடவுச்சொல் பதிய வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோப்புறை திறக்காவிட்டால், பகிர்வு அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு, கோப்பின் சொந்த அனுமதியை மறந்திருக்கலாம். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பவருக்குக் கோப்பின் அனுமதி மட்டும் போதுமாகையால், அங்கே திறந்து பார்ப்பது சான்றாகாது. ஒரே கோப்புறையில் சில கோப்புகள் மட்டும் திறக்க மறுப்பதற்கும் இதில் விளக்கமுண்டு. அதே வட்டில் வேறொரு கோப்புறையிலிருந்து நகர்த்திக் கொண்டுவந்த கோப்பு, தன் பழைய அனுமதிகளோடேயே வந்து சேர்ந்திருக்கலாம். நகலெடுத்து ஒட்டிய கோப்போ புதிய இடத்தின் அனுமதிகளைப் பெற்றுக்கொள்கிறது.