கெளுத்திக் குஞ்சு வாங்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

போன வாரம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். பண்ணைக்குட்டை வெட்டியாகிவிட்டது, குஞ்சும் விட்டாகிவிட்டது. "நாட்டுக் கெளுத்திதாங்கண்ணா, மூணே மாசத்துல அரைக் கிலோ வந்துருச்சு" என்று செல்போனில் படம் காட்டினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் காவேரிப்பட்டணத்துக்கு வெளியே என் குட்டைக் கரையில் நானும் இதே சந்தோஷத்தோடுதான் நின்றேன். அதனால் அவனை முதலில் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

கரையைக் கெட்டியாகக் கட்டு, வெயில் நேரத்தில் குஞ்சு விடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் இங்கே எழுதுவது, சொல்ல ஆளில்லாமல் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

எந்த மாதத்தில் குஞ்சு கிடைத்தது என்று பார்க்காதது

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் வறுத்துத் தருகிற மீசைக்கார ஆற்று மீனும் கெளுத்திதான், சேற்றுக் குட்டையில் கிடக்கிற வழவழப்பான கரிய மீனும் பலருக்குக் கெளுத்திதான். இரண்டும் வேறு வேறு. ஆற்றுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு சிறிய துடுப்பு, அதற்குப் பின்னால் சதைப்பற்றான இன்னொரு துடுப்பு. நான் சொல்லும் மீன் கிளாரியஸ் என்ற பேரினம். இதற்கு முதுகு நெடுக ஒரே துடுப்பு, அதில் முள் கிடையாது. வாயைச் சுற்றி எட்டு மீசை. செவுளுக்கு மேலே சின்னச் செடி போலக் கிளைத்த ஓர் உறுப்பு இருப்பதால் வெளிக் காற்றையும் சுவாசிக்கும். கலங்கிய தண்ணீரிலும் வற்றிய சேற்றிலும் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

இந்தப் பேரினத்தில் நம் நாட்டு மீன் மாகுர், வடக்கே மாங்குர் என்பார்கள். பிகாரின் மாநில மீனே அதுதான். ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிகார், அசாம், ஒடிசாக்காரர்கள் அதைத் தேடி வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் இறங்கினேன். மாசி மாதம் ஒருவர் வண்டியில் டிரம் வைத்து 3,000 குஞ்சு கொண்டுவந்தார். ஒன்று 2 ரூபாய், இரண்டு அங்குல நீளம், நல்ல சுறுசுறுப்பு. ரசீது கேட்டேன், அடுத்த முறை தருகிறேன் என்றார். நானும் சரி என்றேன்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நாட்டு மாகுர் மழைக்காலத்தில்தான் முட்டையிடும். ஆனி, ஆடி, ஆவணி, அவ்வளவுதான். குஞ்சு பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்தாலும், ஆண் மீனின் வயிற்றை அழுத்தி விந்து எடுக்க முடியாது. அதை அறுத்து விந்துப்பையை வெளியே எடுத்தால்தான் முட்டையில் கலக்க முடியும். ஒவ்வொரு முறையும் ஆண் மீன் சாகிறது. இத்தனை பாடுபட்டு எடுக்கிற குஞ்சு மலிவாகவும் இருக்காது, மாசி மாதத்தில் இரண்டு அங்குலத்தில் டிரம் டிரம்மாகவும் வராது. வருஷம் முழுக்க மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி.

இதை எனக்குச் சொன்னது அதிகாரியோ புத்தகமோ அல்ல. ஆடி மாதம் ஓசூரில் முதல் கூடையை இறக்கியபோது, ஒரு பிகார் தொழிலாளி ஒரு மீனை எடுத்து மல்லாத்திப் பிடித்தார். தாடைக்குக் கீழே, வெள்ளை அடிப்பக்கத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்புப் பட்டை. "இது எங்க ஊர் மாங்குர் இல்ல, தாய் மாங்குர்" என்று சொல்லிவிட்டு மீனைக் கூடையிலேயே வைத்துவிட்டுப் போனார். வடக்கே ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத்தான் அந்தப் பெயர். தாய் என்றால் அம்மா இல்லை, தாய்லாந்து. மூன்றரை அங்குலத்துக்குக் குறைவான குஞ்சில் அந்தப் பட்டை தெரியாது என்பதால், குஞ்சைப் பார்த்து ஏமாந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் வளர்ச்சியைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாட்டு மாகுர் ஒரு வருஷத்தில் 150, 200 கிராம் வந்தாலே நல்ல வளர்ப்பு. என் குட்டையில் ஐந்து மாதத்தில் முக்கால் கிலோ நின்றது. தீவனம் ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிந்த பிறகும் நான் செய்ததுதான் பெரிய தப்பு. போட்ட பணத்தை எடுத்துவிட்டு விட்டுவிடலாம் என்று ஐப்பசி வரை ஓட்டினேன். ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு கரைக்குப் போனால், செம்மண் சேற்றில் மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத் துடுப்பின் முள்ளை ஊன்றி, உடம்பை இந்தப் பக்கம் ஒரு வளை அந்தப் பக்கம் ஒரு வளை வளைத்து, ஓடைத் தண்ணீர் ஓடுகிற பக்கமாக. கூடையில் அள்ள அள்ள இன்னும் ஏறியது. எங்கள் ஓடை ஏரியில் விழும். ஏரி நிரம்பினால் தென்பெண்ணைக்குப் போகும். தென்பெண்ணை சாத்தனூர் அணைக்குப் போகும். எத்தனை தப்பியது என்று எனக்குக் கணக்கே இல்லை.

மறுவாரம் நானே போய் மீன்வளத் துறையில் சொன்னேன். வந்து பார்த்தார்கள், வலை போட்டு வாரி, குழி தோண்டிப் புதைத்தோம். தீவனச் செலவு, குஞ்சு, ஆள்கூலி எல்லாம் அந்தக் குழியில் போனது. அந்தப் பணத்தை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது ஏரிதான். இரண்டு வருஷம் கழித்துக் குத்தகைக்காரர்கள் வலை இழுத்தபோது கட்லாவும் ரோகுவும் வழக்கத்தில் பாதிகூட இல்லை. வலையின் அடியில் நாலு கிலோ எடையில் ஒரு கெளுத்தி. வயிற்றைக் கீறினால் உள்ளே குஞ்சு மீனும் தவளையும். ஏரியில் ஐம்பது வருஷம் மீன் பிடித்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, இதுங்கள யாரு உட்டது?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, வலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த மீனை வளர்க்க மத்திய அரசு தடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இருப்பதை அழிக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஆனாலும் "ஹைபிரிட்", "நாட்டு ரகம்", "தேளி" என்று ஏதோ ஒரு பெயரில் இன்னும் வண்டி வருகிறது. உங்கள் குட்டையில் ஏற்கெனவே இருந்தால் தயவுசெய்து ஓடையில் திறந்துவிடாதீர்கள், பக்கத்து ஊர்க்காரருக்கு விற்காதீர்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் சொல்லுங்கள். பர்கூர் தம்பியிடம் ஒரு மீனைப் பிடித்து மல்லாத்திப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரியே படம் அனுப்பினான். இரண்டு பக்கமும் பட்டை. குழி எத்தனை அடி வெட்டணும் என்று கேட்டான்.

கோழிக் கழிவு

மீனுக்குத் தீனியாகப் போடாதீர்கள். தண்ணீர் நாறும், நோய் வரும், ஊரும் எதிரியாகும்.

காற்றைச் சுவாசிக்கிற மீன்தானே என்ற அலட்சியம்

இது நாட்டு மாகுர் வளர்ப்பவர்களுக்கு. வெளிக் காற்றை எடுக்கும் மீன் என்பதால் எந்தத் தண்ணீரிலும் கிடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். மூச்சு அடைக்காது, உண்மைதான். ஆனால் அடியில் தங்கின தீவனமும் கழிவும் அழுகினால் அமோனியா ஏறும், புண் வரும், தீனி எடுக்காது. நம் பக்கம் பெரும்பாலும் போர் தண்ணீர் என்பதால், நேராகக் குழாயை விடாமல் உயரத்திலிருந்து கொட்டவிட்டு, காற்றுப் படவைத்து இறக்குங்கள்.

ஆழமும் கூடாது. மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்து போகிற மீன், எட்டடி ஆழத்தில் விட்டால் தின்றதில் பாதியை ஏறி இறங்கியே தீர்த்துவிடும். மூன்றடி தண்ணீர் போதும். பொரித்த குஞ்சுக்கு அந்தக் காற்று உறுப்பு வளரச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை செவுள் மட்டும்தான், ஆகவே ஒரு ஜாண் தண்ணீரில், காற்றுக் குழாய் போட்டு வையுங்கள். அப்புறம் மேல்மட்டத்தை, தண்ணீரில் மிதந்து படரும் அசோலாச் செடியால் முழுக்க மூடிவிடாதீர்கள், மீன் மூக்கை நீட்ட இடம் வேண்டும்.

தரம் பிரிக்காதது

பெரியது சிறியதைத் தின்னும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள்.

வேலி

நாட்டு மாகுரும் மழையில் கரை ஏறும். நைலான் வலையை அரையடி மண்ணில் புதைத்து, மேலே இரண்டரை அடி நிறுத்தி, உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள். தண்ணீர் வழியும் குழாய்க்குக் கம்பி வலை போடுங்கள், மழைக்கு முந்தின நாள் அதில் இலைதழை அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

முள்

பக்கத் துடுப்பு முள் குத்தினால் கடுக்கும். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள். வீக்கம் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.