ஸ்டிக்கர் கொடுத்தால் போதுமா? தமிழ் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஸ்டிக்கர், சிப்ஸ் பாக்கெட், புள்ளி அட்டை என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையைச் சனிக்கிழமை காலையில் உட்காரவைத்து உயிர்மெய் எழுத்து படிக்கவைப்பது லேசான வேலையில்லை, அதனால் கொடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்ததுமே வலுவூட்டல் நடந்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு. நடத்தை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று ஆராயும் நடத்தைப் பகுப்பாய்வில், ஒரு பொருள் கிடைத்த பிறகு, அதற்குக் காரணமான நடத்தை முன்னைவிடக் கூடினால்தான் அந்தப் பொருள் வலுவூட்டி. நம்முடைய நல்லெண்ணத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டு வந்த பிள்ளைக்குச் சிப்ஸ் ஒன்றுமேயில்லை. ஒன்பது மணிக்குச் சத்தமாக வாசித்ததற்குப் பதினொரு மணிக்கு ஸ்டிக்கர் கொடுத்தால், பையை மூடிக்கொண்டு கதவோரம் நிற்பதைத்தான் அது வளர்க்கக்கூடும்.

அடுத்தது, எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வது. படித்தவர்களே இங்கே வழுக்குகிறார்கள். தண்டனை நடத்தையைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டல் கூட்டும், பிடிக்காத ஒன்று விலகுவதால். வாசிக்கச் சொன்னதும் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான், ஆசிரியர் கோபத்தில் வெளியே போய் நில் என்கிறார். ஆசிரியர் கணக்கில் அது தண்டனை. ஆனால் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வாசிக்கும் நேரம் பார்த்துச் சீண்டல் கூடினால், வாசிப்பிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். (அவன் போனதும் வகுப்பு அமைதியாகிறது, அதனால் ஆசிரியரும் மறுபடி வெளியே அனுப்புகிறார். அவருக்கும் அதே வலுவூட்டல்தான்!)

சரி, கவனம் கிடைப்பதற்காகக் கத்துகிற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவோம் என்று முடிவெடுத்தால், கத்தல் அடங்குவதற்கு முன் கொஞ்சம் ஏறவும் செய்யலாம். அந்த உச்சத்தில் பொறுமை இழந்து திரும்பிப் பார்த்தீர்களானால், இன்னும் பலமாகக் கத்தினால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான், அதுவும் எப்போதாவது பலிக்கிற நடத்தை எப்போதும் பலிக்கிறதைவிடப் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும்.

கூடியதா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் ஸ்டிக்கருக்கு முன்னால் யாரும் எண்ணிவைப்பதில்லை. "நன்றாக நடந்துகொள்கிறான்" என்பதை எண்ணமுடியாது; கேட்காமலே எத்தனை வரி வாசித்தான் என்பதை எண்ணலாம். சில வாரம் எண்ணி, அந்த எண்ணிக்கை ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் பொறுங்கள், இல்லையென்றால் தானாக ஏறியதற்கும் ஸ்டிக்கருக்கே பெயர் கிடைத்துவிடும்.

ஸ்டிக்கரால்தான் ஏறியது என்று சொல்ல, முன்பு, பின்பு என்று இரண்டே கட்டம் போதாது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களான பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல் எழுதிய கட்டுரையில் இரண்டு வழிகளை விளக்கினார்கள். ஒன்று, வலுவூட்டலை நிறுத்திப் பார்த்து மறுபடி கொடுப்பது. கை தூக்கிப் பேசுவது போன்றதற்கு இது சரிப்படும். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளையிடம் ஸ்டிக்கரை நிறுத்தினால் படிப்பு மறந்துபோகாது, அதை வைத்து ஸ்டிக்கர் உதவவில்லை என்று எழுதிவைப்பது அபத்தம். அதற்கு மற்ற வழி: மூன்று பிள்ளைகள் வாசிப்பதையும் ஒரே நாளில் எண்ணத் தொடங்கி, ஸ்டிக்கரை மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவராக வெவ்வேறு வாரத்தில் தொடங்குவது. அவரவர் முறை வந்த பிறகுதான் அவரவர் எண்ணிக்கை ஏறுகிறது என்றால் நம்பலாம். மூன்றும் ஒரே வாரத்தில் ஏறினால், லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஓய்ந்ததா, பள்ளியில் பரீட்சை முடிந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.