வாயசைக்காத பாடகி: பாடல் காணொளி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கும் பாடல் காணொளிகளில் கேமராவையும் கலரையும் இப்போது குறை சொல்ல முடியாது. "பொண்ண வேற மாதிரி காட்டப் போறோம்", "வழக்கமான ராப் மாதிரி இருக்காது" என்று கிளம்புகிறார்கள். எடிட் முடிந்து பார்த்தால் அதே பழைய காணொளி. பேட்டரி சார்ஜ் போடாதது, மெமரி கார்டை மறந்தது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். எடிட்டிங்கில் உட்காரும்வரை கண்ணில் படாத தவறுகள்தான் ஆபத்து.

பெண்ணை ஸ்லோ மோஷனில் மட்டும் எடுப்பது

அதிகச் செலவு வைப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாததும் இதுதான்.

பாட்டு 3 நிமிடம் 40 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில் பையனுக்கு முழுப் பாட்டையும் ஓடவிட்டு, செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில், கோயில் முன்னால், லாரி மேல் என்று நாலு இடத்தில் வாயசைப்பு எடுத்துவிடுவார்கள். பெண்ணின் முறை வரும்போது மாலை ஆறு மணி. "அப்படியே நடந்து வா தங்கச்சி, திரும்பிப் பாரு, முடிய ஒதுக்கு." அத்தனையும் விநாடிக்கு 50 ஃபிரேமில். பாட்டு ஓடாது, ஓடினாலும் சாதாரண வேகத்தில் ஓடும். 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டு மெதுவாக்கியதும் நடை பாதி வேகம், உதடும் பாதி வேகம், பாட்டு மட்டும் முழு வேகம். ஒரு வரிகூட ஒட்டாது. எடிட் செய்பவர் வேறு வழியில்லாமல் வளையல், கூந்தல், முதுகு என்று வெட்டி ஒட்டுகிறார். அவள் பாடிய சரணம் ஒலிக்கும்போது திரையில் பையன் முகம்.

பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தில் பால் எடுத்த) அம்மாவைப் பற்றி மகள் பாடும் பாட்டுக்கே ஒரு குழு இப்படிச் செய்தது. பாடியதும் எழுதியதும் அந்தப் பெண். காணொளியில் அவள் வாய் திறந்து ஒரு ஷாட் கிடையாது. மறுபடி எடுக்கத் தோட்ட நிர்வாகியிடம் மறு அனுமதி, லாரிக்கு மறு வாடகை. அதற்குள் பிப்ரவரி வந்து பால்மரம் இலை உதிர்த்துவிட்டது. முதலில் எடுத்ததில் அடர்ந்த பச்சை, பிறகு எடுத்ததில் மொட்டைக் கிளை. இரண்டையும் சேர்க்கவே முடியவில்லை. கடைசியில் டிரோன் ஷாட்டைப் போட்டு மூடினார்கள்.

தவிர்ப்பது கடினமே இல்லை. பாட்டை 200 விழுக்காடு வேகத்தில் தனி ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள்; 3:40 பாட்டு 1:50 ஆகும். தொடக்கத்தில் மூன்று 'பீப்' சேருங்கள். 50 ஃபிரேமில் எடுக்கும்போது இந்த ஃபைலை ஓடவிட்டு அவள் அதே வேகத்தில் பாட வேண்டும். மெதுவாக்கினால் உதடு சரியாக உட்காரும், உடல் மட்டும் மிதக்கும். முதல் நாளே நாலைந்து முறை பழகச் சொல்லுங்கள். ராப் வரிகளை இரட்டை வேகத்தில் பாடப் பெரும்பாலோரால் முடியாது. அதற்கு 30 ஃபிரேமும் 120 விழுக்காடும் போதும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. 1/125 வைத்தால் கோயில் டியூப்லைட் விட்டுவிட்டு மின்னும்.

அதற்கும் முன்னால், சாதாரண 25 ஃபிரேமில் அவள் முகம் நெருக்கமாக இருக்க, முழுப் பாட்டும் ஒரே டேக்கில் காலையிலேயே எடுத்துவிடுங்கள். பையனுக்கு முன்னால்.

பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்று சினிமா பிரித்து வைத்திருப்பதை சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975லேயே எழுதிவிட்டார். அதைப் படிக்காதவர்களும் அப்படியே எடுக்கக் காரணம், பிரிவினை ஷாட் பட்டியலிலேயே இருப்பதுதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் 'யார் பார்க்கிறார், யார் செய்கிறார்' என்று எழுதிப் பாருங்கள். பெண் பெயர் இரண்டிலும் வராத பக்கம்தான் உங்கள் கோளாறு.

கோட்டு மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது

யூரித்மிக்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 1983 'ஸ்வீட் டிரீம்ஸ்' காணொளியில் பாடகி ஆனி லெனாக்ஸ் ஆண்கள் அணியும் சூட்டில், ஒட்ட வெட்டிய ஆரஞ்சு முடியோடு வருவார். எல்லோரும் சூட்டைத்தான் காப்பியடிக்கிறார்கள். அவர் கண்ணெடுக்காமல் லென்ஸைப் பார்த்துப் பாடுவதை யாரும் எடுப்பதில்லை. சூட்டு போட்ட பெண்ணைக் காலிலிருந்து தலைவரை கேமரா தடவிக்கொண்டு போனால், சேலைக்கும் சூட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கையில் பாராங் கத்தி, வாயில் சிகரெட்

வேண்டாம்.

தோட்ட வேலையை அலங்காரமாக்குவது

பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, மாலை வெயிலில் பால் வெட்டும் கதாநாயகி. இதைப் பார்த்து நம் பாட்டிமார்தான் முதலில் சிரிக்கிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால்தான் விடியும் முன்பே தலைவிளக்கோடு போவார்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும், பட்டை மெல்லிய சீவலாக வரும். கோடரி பிடிப்பது போல உளியைப் பிடிக்க வைக்காதீர்கள். செம்பனையில் குலை வெட்டித் தள்ளுவது பெரும்பாலும் ஆண்கள். உதிரிப்பழம் பொறுக்குவது, மருந்தடிப்பது, உரம் போடுவதில் பெண்கள் அதிகம். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பூட்ஸ், முதுகில் பம்பு. அந்தக் கோலத்திலேயே அவளை ராப் பாட வையுங்கள். ராப் காணொளியின் வழக்கம் அங்கேதான் உடையும், வாடகைக் காரில் இல்லை.

லென்ஸையும் ஆண், பெண் என்று பிரிப்பது

ராப் பாடும் பையனுக்கு 24 மில்லிமீட்டர், முழங்கால் உயரக் கோணம். ஆள் மலை மாதிரி தெரிவான். பல்லவி பாடும் பெண்ணுக்கு 85 மில்லிமீட்டர், பின்னணி கரைந்த மென்மை. 2006இல் யோகி பி & நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்து தமிழ் ராப் நம் மண்ணில் வேர்விட்ட பிறகும் இந்தப் பங்கீடு அசையவில்லை. மாற்றிக் கொடுங்கள். அவளுக்கு 24, அவனுக்கு 85. செலவு ஒரு காசும் இல்லை.

உருமி மேளத்தைப் பொம்மையாகக் கொடுப்பது

ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பது, மறுபக்கம் அடிப்பது. இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்தால் மேளக்காரர்கள் அந்த இடத்திலேயே காணொளியை மூடிவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்த பெண்ணைத் தேடுங்கள், இல்லையென்றால் அந்த ஷாட்டே வேண்டாம்.

முகத்தை வெளுக்க வைப்பது

செம்பனை நிழலில் முகத்தில் பச்சை ஏறும். அதைச் சரிசெய்ய வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பெண்ணை மட்டும் வெள்ளையாக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் அண்ணன் நம் நிறத்தில் இருப்பான். வெள்ளைப் போலிஸ்டிரீன் அட்டையை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் பிடித்து ஒயிட் பேலன்ஸை அங்கேயே எடுங்கள். கருத்த முகத்துக்கு வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) 45, 50 போதும். 70க்கு ஏற்றினால் தோல் சுண்ணாம்பு.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'மாடல்'

பாடியவள் பெயரைப் பாடகி என்று, பையன் பெயர் இருக்கும் அதே அளவில் போடுங்கள்.