தனுஷ்கோடிச் சாலையில் ஏறும் மணல்: ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் கச்சான் காற்று வலுத்துவிட்டால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த தார்ச்சாலையில் மணல் ஏறத் தொடங்கும். புதிதாக வேலைக்கு வரும் ஜேசிபி ஓட்டுநர்களும் மேஸ்திரிகளும், முன்பு வந்தவர்கள் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கண்ணாடி போடாமல் இறங்குவது, முகத்தில் துண்டு கட்டாமல் நிற்பது எல்லாம் ஒரே நாளில் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை கீழே.

காற்று வரும் பக்கத்திலேயே மேடு கட்டுவது

இந்த நிலத்துண்டு தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவான ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடாவான பெண்கடல். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் சாலைக்குக் குறுக்காகத்தான் அடிக்கும். மணல் வருவது ஆண்கடல் பக்கமிருந்து. அதை அள்ளி மறுபடி ஆண்கடல் பக்கச் சாலையோரத்திலேயே வரிசையாகக் குவிக்கிறார்கள். சுவர் மாதிரி நிற்பதால் இனி மணல் வராது என்று மேற்பார்வையாளரும் நம்பிவிடுகிறார். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

மணல் தூசியைப் போல உயரே பறப்பதில்லை. தரையோடு தாவித் தாவிப் போகும், பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே. மேட்டைத் தாண்டியதும் காற்றின் வேகம் குறையும், கொண்டுவந்ததை அங்கேயே போட்டுவிடும். மேட்டின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை இப்படிப் படியும். 1 மீட்டர் மேடு என்றால் 10 மீட்டர். சாலை முழுக்க அதற்குள் அடங்கிவிடும். கிளறிப் போட்ட மேட்டு மணலும் லேசாகக் காய்ந்ததும் கிளம்பிவிடும்.

இடமும் போகிறது. உலர்ந்த மணல் ஏறக்குறைய 33 டிகிரிக்கு மேல் சரிவாக நிற்காது. அதனால் 1 மீட்டர் உயர மேட்டுக்கு அடியில் 3 மீட்டர் அகலம் வேண்டும். ஓரத்தில் கார் நிற்க வேண்டிய இடம் அதுதான். கார்கள் தாரில் நிற்கும். நடப்பவர்கள் நடுச்சாலைக்கு வருவார்கள். தலையில் மீன்கூடையோடு வரும் பெண்கள் பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவார்கள்? பனி கொட்டும் ஊர்களில் ஓரத்தில் குவித்தது வெயில் வந்தால் உருகும். மணல் உருகாது.

100 மீட்டர் நீளத்தில், 3 மீட்டர் அகலத்துக்கு, 10 செ.மீ. படிந்தாலே 30 கனமீட்டர், சுமார் 48 டன். அதையே மறுநாளும் தள்ளுவது டீசல் தண்டம்.

காற்று குறைவாகவும் மணல் ஈரமாகவும் இருக்கும் விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஆண்கடல் ஓரத்திலிருந்து பெண்கடல் பக்கம் தள்ளி, சாலை விளிம்புக்கு 10 மீட்டர் அப்பால், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். நீருக்குள் மட்டும் தள்ளாதீர்கள். பூநாரைகள் இரை தேடும் சேற்றுநிலம் அது, 2025-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை ஓய்ந்து தை, மாசியில் வாடை அடிக்கும்போது மணல் மறுபக்கமிருந்து வரும். தள்ளும் பக்கத்தையும் மாற்ற வேண்டும்.

தடுப்புதான் வேண்டுமென்றால் 1 மீட்டர் உயரப் பனையோலைத் தட்டியைச் சாலையிலிருந்து 20 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். பாதி இடைவெளி இருக்கட்டும். இடைவெளியே இல்லாத தட்டியைக் காற்று சாய்த்துவிடும், மணலும் அதன் அடியிலேயே குவியும்.

இராவணன் மீசையையும் அடப்பங்கொடியையும் வழித்தெடுப்பது

வண்டி நிறுத்த இடம் சமன்படுத்துகிறோம் என்று பக்கெட்டால் ஒரே இழுப்பு. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பவை இந்தப் புல்லும் கொடியும்தான். அவை போன இடத்திலிருந்துதான் அடுத்த கச்சானில் மணல் கிளம்பும். இதைப் பார்க்கவே மனம் பதறுகிறது.

பக்கெட்டால் தாரை உரசுவது

பக்கெட்டின் பல் தாரைப் பெயர்க்கும். 2 செ.மீ. விட்டு வழியுங்கள், மிச்சத்தை ஆள்வைத்துப் பெருக்குங்கள். பெருக்காமல் போனால் அந்த மெல்லிய படிவில்தான் இருசக்கர வண்டிகள் வளைவில் வழுக்கும்.

நிற்கும் வண்டிகளைச் சுற்றி ஒதுக்குவது

ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் மணல் வால்போல் படிந்திருக்கும். ஒரு பக்கத்தை முழுதும் காலி செய்து வழித்த பிறகு வண்டிகளை அங்கே மாற்றி, அடுத்த பக்கத்துக்குப் போங்கள். குடிசைப் பாதைகளுக்கு எதிரே 1.5 மீட்டர் நடைவழி விடுங்கள்.

புதைந்த காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் இன்னும் இறங்கும். டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்தின் முன்னால் மணலைத் தோண்டி, மெதுவாக எடுக்கவும். தாருக்கு வந்ததும் வேகம் எடுக்காமல் போய்க் காற்றடிக்க வேண்டும்.

சிறுபாலத்தின் வாயில் கொட்டுவது

ஐப்பசி மழையில் தண்ணீர் சாலைமேல் நிற்கும்.

மணலை லாரியில் ஏற்றி அனுப்புவது

கடற்கரை மணலை அள்ளிச் செல்வதைக் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் தடை செய்கின்றன.

ஆமைக் காலத்தில் கரைக்குள் இயந்திரம் இறக்குவது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும். குழி மேலே தெரியாது. டயர் ஏறினால் முட்டைகள் நசுங்கும். வனத்துறையிடம் கேட்டு, குழி இல்லாத பகுதியை உறுதிசெய்த பிறகே இறங்க வேண்டும். அதுவரை மண்வெட்டியும் கூடையும் போதும்.