வைஃபை பிரிண்டர்: ரவுட்டரில் தொடங்கி கணினியில் முடியுங்கள்

புதிதாக வைஃபை பிரிண்டர் வாங்கியவர்கள், பெட்டியைப் பிரித்ததும் நேராகக் கணினிக்குப் போய்விடுகிறார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரிண்டரின் பெயர் மட்டும் வராது. உடனே கடைக்காரருக்குப் போன். உண்மையில் பிரிண்டரில் கோளாறு இருப்பது அபூர்வம். கணினி தேடுகிற இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு வைஃபையில் கணினியும் பிரிண்டரும் நேரடியாக இணைவதில்லை. இரண்டும் தனித்தனியே ரவுட்டரில் இணைகின்றன. நீங்கள் அச்சிடக் கொடுக்கும் பக்கம் கணினியிலிருந்து ரவுட்டருக்கும், அங்கிருந்து பிரிண்டருக்கும் போகிறது. பொதுவாக இதற்கு இணையம்கூடத் தேவையில்லை. வெளியே கேபிள் அறுந்துபோன நாளிலும் ரவுட்டரில் மின்சாரம் இருந்தால் அச்சாகும். (இணையம் இருந்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடும் பிரிண்டர்களும் உண்டு. எச்பி நிறுவனத்தின் ‘எச்பி பிளஸ்’ திட்டத்தில் சேர்ந்தவை அப்படித்தான். வாங்கும்முன் பெட்டியின் மேல் உள்ளதைப் படித்துவிடுங்கள்.) ஆகவே ரவுட்டர், பிரிண்டர், கடைசியாகக் கணினி என்ற வரிசையிலேயே போவோம்.

எடுத்துக்காட்டாக ஒரு சாதாரண ஏற்பாட்டை வைத்துக்கொள்கிறேன்: ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர், விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி, எப்சன் எல்3250 போலத் திரை இல்லாமல் பொத்தான்கள் மட்டுமே உள்ள ஓர் இங்க் டேங்க் பிரிண்டர். உங்களுடையது வேறு நிறுவனமாக இருந்தாலும் பொத்தானின் இடம்தான் மாறும்.

படி 1: பிரிண்டரைத் தயார்செய்தல்

உள்ளே ஒட்டியிருக்கும் வண்ண நாடாக்களை எல்லாம் உரித்தெடுங்கள். மூடிக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். மையை ஊற்றியபின் முதல்முறை குழாய்களில் மை ஏற ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆகும். சில மாடல்களில் இன்னும் கூடுதல். அதுவரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

யுஎஸ்பி கேபிள் பெட்டியில் இருந்தால் அதை ஓரமாக வையுங்கள். இப்போதே செருகினால் விண்டோஸ் அதை யுஎஸ்பி பிரிண்டராகப் பதிந்துகொள்ளும். பிறகு வைஃபையிலும் சேர்க்கும்போது ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் பட்டியலில் நிற்கும்; எதில் அனுப்பினால் அச்சாகும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிரிண்டருக்குச் சுவரில் உள்ள பிளக்கே நல்லது. லேசர் பிரிண்டர் என்றால் கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ்ஸில் அதைச் செருகவே கூடாது. அச்சிடும்போது அதன் சூடேற்றும் பகுதி சட்டென்று இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

படி 2: ரவுட்டரில் பார்க்க வேண்டியவை

சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. விலை குறைந்த வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். எல்3250-உம் அந்த வகைதான். உங்கள் வைஃபை இரண்டு பெயர்களில் தெரிந்து, ஒன்றின் முடிவில் ‘5ஜி’ என்று இருந்தால், பிரிண்டருக்கு அந்த வால் இல்லாத பெயரைக் கொடுங்கள். இந்த 5ஜிக்கும் கைப்பேசி 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணினி 5-இல் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டும் ஒரே ரவுட்டரின் கீழ் இருப்பதால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.

இரண்டு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்து பிரிண்டர் சேர மறுத்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 5-ஐச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் பிரிண்டரைச் சேருங்கள். சேர்ந்தபின் மறுபடி இயக்கிவிடலாம். அந்தப் பக்கத்தைத் திறக்க, கணினியின் பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். சரியான எண்ணும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

அங்கே இருக்கும்போதே பாதுகாப்பு முறையையும் பாருங்கள். ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிரிண்டர்கள் நுழைய முடியாது. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே பொதுவாகத் தடுத்துவிடும்.

படி 3: பிரிண்டரை வைஃபையில் சேர்த்தல்

திரை உள்ள பிரிண்டரில் இது எளிது. வைஃபை பட்டியலில் உங்கள் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை அடித்தால் முடிந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் கவனம் தேவை.

திரை இல்லாதவற்றுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கடவுச்சொல் அடிக்காமலே கருவிகளை வைஃபையில் சேர்க்கும் ‘டபிள்யூபிஎஸ்’ பொத்தான். ரவுட்டரில் அதை அழுத்திவிட்டு, 2 நிமிடங்களுக்குள் பிரிண்டரில் வைஃபை பொத்தானைக் கையேடு சொல்லும் நேரம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. சில ரவுட்டர்களில் இந்தப் பொத்தானே இருக்காது. இருந்தாலும் அமைப்பில் நிறுத்தி வைத்திருப்பார்கள். டபிள்யூபிஎஸ்ஸில் 8 இலக்க எண்ணை அடிக்கும் முறை ஒன்றும் உண்டு. அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டை 2011-இலேயே அம்பலமானது, ஆகவே அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது வழி கைப்பேசிச் செயலி. நான் பரிந்துரைப்பதும் இதைத்தான். எப்சனுக்கு ‘எப்சன் ஸ்மார்ட் பேனல்’, கேனனுக்கு ‘கேனன் பிரிண்ட்’, பிரதருக்கு ‘மொபைல் கனெக்ட்’ என்று நிறுவனத்துக்கு ஒன்று உண்டு. கைப்பேசியை முதலில் வீட்டு வைஃபையில் சேருங்கள். புளூடூத்தையும், ஆண்ட்ராய்டு என்றால் இருப்பிட அனுமதியையும் இயக்குங்கள். அருகிலுள்ள வைஃபை கருவிகளைத் தேட ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கிறது. ‘பிரிண்டருக்கு என் இருப்பிடம் எதற்கு’ என்று மறுத்துவிட்டால் செயலியால் தேட முடியாமல் போகும். வேலை முடிந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

வைஃபை பட்டியலில் ‘டைரக்ட்’ என்று தொடங்கும் புதுப்பெயர் ஒன்றும் தெரியக்கூடும். அது பிரிண்டரே பரப்பும் வைஃபை. ரவுட்டர் இல்லாத இடத்தில் உதவும். கணினியை அதில் இணைத்தால் இணையம் போய்விடும் என்பதால் வீட்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது வேண்டாம்.

படி 4: முகவரியை நிலைப்படுத்துதல்

பெரும்பாலான விளக்கங்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ‘நேற்று அச்சானது, இன்று ஆஃப்லைன் என்கிறது’ என்ற புலம்பலுக்கு அடிக்கடி காரணமாவதும் இது விடுபடுவதுதான்.

ரவுட்டர் தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பது போல ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. அது நிரந்தரம் இல்லை. மின்சாரம் போய் வந்ததும் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம். கணினியோ, குடிமாறியது தெரியாமல் பழைய வீட்டுக் கதவைத் தட்டும் தபால்காரரைப் போலப் பழைய எண்ணுக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில் இதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டாம்.

தீர்வு எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘டிஎச்சிபி’ பிரிவுக்குள் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்று ஒன்று இருக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பிரிண்டரைத் தேர்ந்து, அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். எந்தக் கருவி பிரிண்டர் என்று தெரியாவிட்டால், பிரிண்டரிலேயே நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். ஐபி முகவரியும், ஒவ்வொரு கருவிக்கும் தனியான மேக் முகவரியும் அதில் இருக்கும். அந்தத் தாளை எறியாதீர்கள். தேதி போட்டு கையேட்டுக்குள் வையுங்கள். ஒதுக்கி முடித்ததும் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய எண்ணை ஏற்றுக்கொள்ளும்.

படி 5: இப்போது கணினி

முதலில் விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். ‘செட்டிங்ஸ்’ போய் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’, உங்கள் வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்று திறந்தால், ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என இரண்டு தெரிவுகள் தெரியும். ‘பப்ளிக்’ என்றால் ரயில் நிலைய வைஃபையில் இருப்பதுபோல விண்டோஸ் ஒதுங்கி நிற்கும். வீட்டில் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அலுவலக நெட்வொர்க்கோடு கணினியை இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பிறகு ‘செட்டிங்ஸ்’, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’, ‘ஆட் டிவைஸ்’. சில நொடிகளில் பிரிண்டரின் பெயர் வரும், சேருங்கள். விண்டோஸ் 10-இல் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ இருக்கும் இடத்தில் ‘டிவைசஸ்’ மட்டும் இருக்கும். ஆப்பிளின் மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’; ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ‘ஏர்பிரிண்ட்’ வசதி உள்ள பிரிண்டருக்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

பெயர் வராவிட்டால், கையால் சேர்க்கும் தெரிவு அங்கேயே இருக்கிறது. அதற்குள் ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் வரியைத் தேர்ந்து, படி 4-இல் ஒதுக்கிய எண்ணை அடியுங்கள். பெயர் வந்திருந்தாலும் இந்த வழியில் சேர்ப்பதே எனக்குப் பிடித்தது. தானாகச் சேரும்போது விண்டோஸ் பெரும்பாலும் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற தேடல் முறையைப் பயன்படுத்திக்கொள்ளும். பிரிண்டர் உறங்கி விழித்தால் சில வேளைகளில் அது தொடர்பை இழக்கிறது. எண் வழி இணைப்பு அந்த அளவுக்குத் தடுமாறுவதில்லை.

டிரைவர், அதாவது கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள் பற்றி ஒரு சொல். பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ‘மோப்ரியா’ என்ற பொது அச்சுத் தரத்துக்கான சான்று பெற்ற புதிய பிரிண்டர்களுக்கு விண்டோஸிலேயே உள்ள பொது டிரைவர் போதும். மையின் அளவைப் பார்ப்பது, அச்சுத் தலையைச் சுத்தம்செய்வது போன்றவற்றுக்கு மட்டும் நிறுவனத்தின் மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம்.

அதைத் தேடும்போதுதான் எச்சரிக்கை தேவை. பிரிண்டரின் பெயரோடு ‘டிரைவர்’ அல்லது ‘உதவி எண்’ என்று கூகுளில் தேடினால், நிறுவனத்தின் சின்னத்தையே போட்டுக்கொண்டு போலித் தளங்கள் வருகின்றன. ஏதோ ஒரு பிழையைக் காட்டி, ஓர் எண்ணைக் கொடுத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். பிரிண்டரைச் சேர்த்துத் தர எந்த நிறுவனமும் உங்கள் ஓடிபியைக் கேட்காது. கையேட்டில் அச்சிட்டிருக்கும் முகவரிக்கு மட்டும் போங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். இந்தியாவில் இணைய மோசடிகளைப் புகார்செய்யும் எண் அது.

படி 6: சோதனை

பிரிண்டரின் பெயரைத் திறந்து ‘பிரிண்ட் டெஸ்ட் பேஜ்’ அழுத்துங்கள். பக்கம் வந்தால் தாளின் அளவைப் பாருங்கள். கணினியின் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால் தாளும் ‘லெட்டர்’ என்று இருக்கும். அது 216 x 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210 x 297. இந்தப் பொருத்தமின்மையால் பக்கத்தின் ஓரம் வெட்டுப்படும், அல்லது தாள் பிழை என்று விளக்கு சிமிட்டும். ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ பக்கத்தில் ஏ4 ஆக்குங்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் நிறுத்திவிடுங்கள். கடைசியாகப் பயன்படுத்தியது எதுவோ அதையே முதன்மைப் பிரிண்டராக்கிக் குழப்பும் தெரிவு அது.

அச்சாகாமல் நின்றால்

பட்டியலில் பக்கங்கள் தேங்கி, அழித்தாலும் போகாமல் நின்றால், ‘ஸ்டார்ட்’ தேடலில் ‘சர்வீசஸ்’ என்பதைத் திறந்து அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்ற பெயரை மவுஸின் வலது பொத்தானால் சொடுக்கி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். கணினியையே மறுபடி இயக்கினாலும் பெரும்பாலும் சரியாகும்.

பிரிண்டர் விழித்திருந்தும் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், பிரௌசரில் அதன் ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் ரவுட்டர் வரை எல்லாம் சரி, கோளாறு விண்டோஸில். அந்த நிலையில் ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’, ‘போர்ட்ஸ்’, ‘கான்ஃபிகர் போர்ட்’ என்று போய் பிரிண்டரின் நிலையை விண்டோஸ் விசாரிப்பதற்கான ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பக்கம் திறக்காவிட்டால் படி 3-க்குத் திரும்ப வேண்டும்.

இணைய நிறுவனத்தை மாற்றினால்

புது ரவுட்டர் வந்ததும் பிரிண்டரை மறுபடி சேர்க்கும் வேலையைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பொருத்த வருபவர் தானாக ஒரு பெயர் வைப்பதற்குமுன், பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் புது ரவுட்டருக்கும் வைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு முறையும் முன்புபோலவே இருந்தால், பிரிண்டருக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிகளுக்கும் ரவுட்டர் மாறியதே தெரியாது. முகவரி ஒதுக்கீடு மட்டும் பழைய பெட்டியோடு போய்விடும். படி 4-ஐ இன்னொருமுறை செய்து, அதே எண்ணைக் கொடுங்கள். புது ரவுட்டரின் எண் வரிசையே 192.168.0 என்று மாறியிருந்தால், கணினியில் பிரிண்டரை நீக்கிவிட்டுப் புது எண்ணில் சேர்க்க வேண்டும்.