லா ஸ்பெட்ஸியாவில் ரூம் எங்கே போடலாம்?

இத்தாலியின் சிங்க்வே டெர்ரே என்னும் ஐந்து கடலோரக் கிராமங்களைப் பார்க்கப் போகிறீர்களா? லா ஸ்பெட்ஸியா நகரில், சென்ட்ராலே ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில் ரூம் போடுங்கள். கடல் தெரியும் அறைக்கென்று கூடுதல் காசு செலவழிக்காதீர்கள். கடற்கரை ஊர்தான், ஆனால் நகருக்கு எதிரே உள்ள கடலோரத்தைத் துறைமுகமும் கடற்படைத் தளமும் பிடித்துக்கொண்டதால் ஜன்னலில் தெரிவது பெரும்பாலும் கப்பலும் கிரேனும்தான்.

ஐந்து கிராமங்களிலும் நின்று, அவற்றைத் தாண்டியுள்ள லெவான்டோ ஊர் வரை போகும் ரயில் இந்த நிலையத்திலிருந்தே கிளம்புகிறது. அதனால் கோடைக் கூட்டத்திலும் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் கிராமமான ரியோமஜோரே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். கிராமங்களில் அறை வாடகையும் அதிகம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியும் ஏற வேண்டும். ஐந்தில் ஒன்றான கொர்னீலியாவில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகவே 370க்கும் மேல் படிகள்!

முகவரியில் 'மில்யாரினா' என்று இருந்தால் கவனம். அது இதே ஊரின் இன்னொரு நிலையம், நடுவூரிலிருந்து தள்ளி இருக்கிறது.

தினமும் கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு இல்லை. மணல் கடற்கரை உள்ள மொன்டெரோஸோ கிராமமோ லெவான்டோவோ சரிப்படும். அப்புறம், பக்கத்துக் கடலோர ஊரான போர்டோவெனெரேவுக்கு ரயில் கிடையாது. பஸ் அல்லது படகுதான்.