துணை அதிபர் வேட்பாளர்: அமெரிக்காவில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

அமெரிக்க அதிபர் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளருக்குக் கட்சி மாநாடு ஒப்புதல் தரும். ஆனால் யார் என்பதை முடிவு செய்பவர் அதிபர் வேட்பாளர்தான். பழியைப் போட வேறு ஆள் கிடையாது. அதனால் இங்கே சறுக்கியவர்களின் கதை மட்டும் வருடக்கணக்கில் பேசப்படுகிறது.

முதலில் விட்டொழிக்க வேண்டியது மாநிலக் கணக்கு. டெக்சாஸ்காரரை நிறுத்தினால் டெக்சாஸ் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. 1960-ல் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு கென்னடி டெக்சாஸை ஜெயித்ததைத்தான் இன்றுவரை உதாரணம் காட்டுகிறார்கள். சரி, அதற்குப் பிறகு? 1988-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனை நிறுத்தினார். டெக்சாஸ் எதிரே நின்ற சீனியர் புஷ்ஷுக்குப் போனது. 2004-ல் ஜான் எட்வர்ட்ஸ் இருந்தும் கெர்ரிக்கு வட கரோலினா இல்லை. 2012-ல் பால் ரயன் இருந்தும் ராம்னிக்கு விஸ்கான்சின் இல்லை. ஓட்டு விழுவது பெரும்பாலும் மேலே இருக்கிற அதிபர் வேட்பாளரின் பெயருக்கு.

வடக்கத்திக்காரருக்குத் தெற்கத்திக்காரர், வயதானவருக்கு இளையவர் என்று ஜோடி சேர்ப்பதும் கட்டாயமில்லை. 1992-ல் கிளிண்டனும் அல் கோரும் பக்கத்துப் பக்கத்து மாநிலத்துக்காரர்கள், இருவருக்கும் நாற்பதுகளில் வயது. ஜெயித்தார்கள்.

பெரிய தவறு அவசரம். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் மயாமி பீச் மாநாட்டில் தன் வேட்பாளர் தகுதிக்காகவே கடைசிவரை போராட வேண்டியிருந்தது. துணை அதிபர் பற்றி உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. டெட் கென்னடி மறுத்தார், இன்னும் சிலரும் மறுத்தார்கள். கெடு முடிகிற நேரத்தில் மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குப் போன் போனது. சிறிய உரையாடல்தான், அவர் உடனே சம்மதித்தார். மறைக்கும்படி ஏதாவது உண்டா என்று உதவியாளர் கேட்டதற்கு இல்லை என்றார். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது: 1960-களில் மன அழுத்தத்துக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்திருந்தார், மின்னதிர்ச்சி சிகிச்சையும் எடுத்திருந்தார். ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்பதாக முதலில் சொன்ன மெக்கவர்ன், மாதம் முடிவதற்குள் அவரை விலக வைத்தார். பதினெட்டே நாள் வேட்பாளர்! ஈகிள்டனின் நோயைவிட மெக்கவர்னின் தடுமாற்றம்தான் அதிகச் சேதம் செய்தது என்பேன். ஈகிள்டனை மிசௌரி மக்கள் அதற்குப் பிறகும் இரண்டு முறை செனட்டுக்கு அனுப்பினார்கள். மெக்கவர்ன் ஜெயித்த ஒரே மாநிலம் மாசசூசெட்ஸ்.

இதைப் பார்த்த ஜிம்மி கார்ட்டர் 1976-ல் வேறு வழியில் போனார். பல வாரங்கள் எடுத்துக்கொண்டு, சொத்து, வரி, உடல்நலம் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கினார். சிலரை பிளெயின்ஸ் கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்கே கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினார். அப்படி வந்தவர்தான் வால்டர் மாண்டேல். இன்று வழக்கறிஞர் படை வைத்துத் துருவுகிற முறைக்கு அதுதான் ஆரம்பம். ஆனால் முறை இருந்தால் போதாது. எட்டு வருடம் கழித்து அதே மாண்டேல் அதிபர் வேட்பாளராகி ஜெரால்டின் ஃபெராரோவைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய கணவரின் பணவிவகாரம் பல வாரப் பிரசாரத்தை விழுங்கிவிட்டது. கணவன் மனைவி கணக்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது, ஒரு நாள் தலைப்புச் செய்திக்காகத் தேர்வு செய்வது. 2008 ஆகஸ்ட் 29 அன்று ஓஹாயோவின் டேட்டன் நகரில் ஜான் மெக்கெய்ன் சாரா பேலினை அறிமுகம் செய்தார். அலாஸ்கா ஆளுநராகி இரண்டு வருடம் கூட ஆகாதவர். கூட்டம் அள்ளியது, கட்சிக்காரர்களுக்கு உற்சாகம். அப்புறம் தொலைக்காட்சிப் பேட்டிகள் வந்தன, அவர் தடுமாறினார். அந்த அறிமுக நாள் மெக்கெய்னின் 72-வது பிறந்தநாள். வேட்பாளரின் வயது ஏறஏற, 'இவருக்கு ஏதாவது ஆனால்?' என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

அந்தக் கேள்வி வெறும் கற்பனையும் இல்லை. அதிபர் இறந்தோ ராஜினாமா செய்தோ துணை அதிபர் அந்த நாற்காலிக்கு வந்தது இதுவரை 9 முறை. 1944-ல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசம் என்பது கட்சித் தலைவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸை நீக்கி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அதுவரை சரி. ஆனால் அவரை ஆட்சிக்குத் தயார் செய்யவில்லை. 82 நாள் துணை அதிபராக இருந்து, 1945 ஏப்ரல் 12 அன்று பதவியேற்ற பிறகுதான் அணுகுண்டுத் திட்டத்தின் விவரமே அவருக்குச் சொல்லப்பட்டது.

சின்னதாகத் தெரிகிற ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. அரசியலமைப்பின் 12-வது திருத்தத்தின்படி, ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் (மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு, அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள்) இரண்டு பதவிகளுக்கும் தங்கள் மாநிலத்துக்காரர்களுக்கே ஓட்டுப் போட முடியாது. 2000-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்காக ஆள் தேடும் பொறுப்பில் இருந்த டிக் செய்னியே கடைசியில் வேட்பாளர் ஆனார் (தேடுகிறவரையே தேர்ந்தெடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்). புஷ் டெக்சாஸ் ஆளுநர், செய்னி வசித்ததும் டெக்சாஸின் டாலஸில். அறிவிப்புக்குச் சில நாள் முன்பு அவசரமாக வயோமிங்குக்குத் தன் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். வழக்கும் வந்தது, தள்ளுபடியானது. அந்தத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது 271 தேர்வாளர் ஓட்டு, தேவை 270. டெக்சாஸின் 32 ஓட்டு செய்னிக்கு விழாமல் போயிருந்தால் துணை அதிபரை செனட் தேர்ந்தெடுத்திருக்கும். 2024-ல் மார்கோ ரூபியோ பெயர் அடிபட்டபோதும் இதே பேச்சு எழுந்தது: ட்ரம்பும் ஃபுளோரிடா, ரூபியோவும் ஃபுளோரிடா. ட்ரம்ப் கடைசியில் தேர்ந்தெடுத்தது ஓஹாயோவின் ஜே.டி. வான்ஸை.